கடல் இடக்கைப் பக்கம்

எங்கள் நடைக் குழுவுக்குப் பதாகையில் எழுதிய அழகான பெயர் ஒன்று உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. கற்பிட்டியில் எங்களைச் 'சீனிக்காரர்' என்றுதான் சொல்வார்கள். ஆஸ்பத்திரி கிளினிக்கில் சீனி வருத்தத்துக்கு இரத்தம் பார்க்க வரிசையில் நின்ற நாலைந்து பேர், தனியே நடந்தால் நாயும் துரத்துகிறது, சனமும் சிரிக்கிறது, சேர்ந்தே நடப்போம் என்று தொடங்கிய குழு இது. இப்போது முப்பது பேர் வரை இருக்கிறோம். காலையில் ரோட்டில் நடப்பதை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை கடற்கரையோரமாக நெடுந்தூரம் போவோம், அதுதான் நடை. தலைவர், ஓய்வு பெற்ற கணக்கு மாஸ்டர். கழுத்தில் விசில் தொங்கும். யாருக்காவது சீனி குறைந்தால் தனக்கே குறைந்தது போல 'அல்ஹம்துலில்லாஹ்' என்பார். யாராவது கல்யாண வீட்டில் வட்டிலப்பம் சாப்பிட்டதாகக் காதில் விழுந்தால் அன்று முழுவதும் அவரோடு கதைக்க மாட்டார்.

எனக்குச் சீனி இல்லை. என் அப்பாவுக்குத்தான். அவர் போட் எஞ்சின் திருத்துகிறவர். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு, நடக்கப் போகிறேன் என்று புறப்பட்டுச் சந்தியில் நின்று ஊர்க்கதை அளந்துவிட்டு வந்துகொண்டிருந்தார். காவலுக்குத்தான் நானும் சேர்ந்தேன்.

எனக்கு இருப்பது கால். ஆறு வயதில் இடுப்பு மூட்டில் சீழ் கட்டியது. அதற்குப் பிறகு வலது கால் ஒழுங்காக வளரவில்லை. இடது காலைவிட இரண்டு விரற்கடை குட்டை. ஒரு பக்கம் அடி உயர்த்திய சப்பாத்துப் போட்டால் பாதியைச் சமாளிக்கலாம், மற்றப் பாதி ஊருக்கே தெரியும். தபால் கந்தோரில் கவுண்டருக்குப் பின்னால் எனக்கு வேலை. அங்கே இருக்கும்வரை எனக்கு இரண்டு காலும் ஒரே அளவு. மத்தியானம் சாப்பிட எழும்பும்போதுதான் புதிதாக வந்தவர்களின் கண் கீழே போகும். பிறகு முகத்தில் ஒரு 'ஐயோ பாவம்' வரும். அந்த முகத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முத்திரையை அவர்கள் கையிலேயே குத்திவிடலாமா என்றிருக்கும்.

குழுவோடு நான் போன முதல் நெடுநடை கண்டக்குழியிலிருந்து தெற்கே. எங்கள் கரை தட்டையாக இருக்காது, கடலைப் பார்த்துச் சரிந்து கிடக்கும். ஈர மணலில் சப்பாத்துப் புதைந்ததால் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். தெற்கே போனால் கடல் வலக்கைப் பக்கம் இருக்கும். குட்டைக் கால் பள்ளத்தில், நெட்டைக் கால் மேட்டில். கால் இன்னும் இரண்டு விரற்கடை குட்டையானது போலிருந்தது. அடிக்கு அடி கடலுக்குள் சாய்ந்து சாய்ந்து நடந்து, இடுப்பு விட்டுப்போய், பாதி வழியில் குந்தியிருந்து அழுதே விட்டேன்.

திரும்பி வரும்போது பின்னால் வந்த மிஸ்ஸியக்கா கூவினார். ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் எல்லாருக்கும் அவர் மிஸ்ஸியக்காதான்.

"அடியே, உன்ர நொண்டல் எங்கடி போச்சு?"

குனிந்து பார்த்தேன். கடல் இப்போது இடக்கைப் பக்கம். நெட்டைக் கால் பள்ளத்தில், குட்டைக் கால் மேட்டில். நான் நேராக நடந்துகொண்டிருந்தேன். மாஸ்டர் உடனே ஒரு குச்சியை எடுத்து மணலில் முக்கோணம் கீறிக் கணக்கு விளங்கப்படுத்தத் தொடங்கிவிட்டார். யார் கேட்டது? நான் வடக்கே பார்த்து ஓடினேன். நினைவு தெரிந்து அன்றைக்குத்தான் ஓடினேன். அப்பா கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு மூக்கைச் சீறினார்.

அதற்குப் பிறகு குழுவில் அது பெரிய பகிடியாகிவிட்டது. "வடக்க போனா மகாராணி, தெற்க வந்தா வாத்து" என்று நானே சொல்லுவேன், எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குக் கோபம் வராது.

கல்யாணப் பேச்சு எனக்கு இரண்டு முறை வந்தது. இரண்டும் குசினி வாசலுக்கும் ஹோலில் போட்ட கதிரைக்கும் நடுவில் முறிந்தன. பொம்பிளை தேத்தண்ணித் தட்டத்தோடு வந்து ஒவ்வொருவருக்கும் நீட்ட வேண்டும் அல்லவா? கை நிறையக் கோப்பைகள், ஆறேழு சோடிக் கண்கள். முதல் முறை கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போட்டன. இரண்டாம் முறை சத்தம் வராமல் நடந்தேன், ஆனாலும் மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணியைக் கையில் வாங்கிக்கொண்டு என் முகத்தை நிமிர்ந்தே பார்க்கவில்லை. அவர்கள் போன பிறகு அப்பா தட்டத்தைக் கழுவி அலுமாரிக்கு மேலே, எட்டாத உயரத்தில் வைத்தார்.

மூன்றாவது பேச்சு சிலாபத்துப் பக்கமிருந்து வந்தது. ஐஸ் தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிறவர். தாய் தகப்பன் இல்லை, வளர்த்ததெல்லாம் அக்காதான். அவருக்கும் நடப்பதென்றால் விருப்பமாம். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கிற பழைய கூத்தெல்லாம் என்னத்துக்கு? எங்கட குழுவோட ஒருநாள் நடக்கட்டும். ரெண்டு பேரும் கதைச்சுக்கொண்டு வரலாம்."

"கால் விசயம் சொன்னீங்களா அப்பா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் நான் பாத்துக்கொள்ளுறன் மகள்."

சொல்லிவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அப்பா எஞ்சினைப் பார்த்துக்கொள்கிறேன் என்றால் அது ஓடும். அவருடைய அந்த வார்த்தையை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை நடை ஆலங்குடாவில் தொடங்கியது. வழக்கமாகக் கண்டக்குழியில் தொடங்கி, தெற்கே போய், அதே வழியால் திரும்பி வருவோம். இந்த முறை ஆலங்குடாவிலிருந்து வடக்கே கண்டக்குழி வரை நடை, அங்கே ஒரு மீனவர் வாடியில் மத்தியானச் சாப்பாடு, பிறகு திரும்பி வர எல்லாருக்கும் வான் வண்டி என்று மாஸ்டர் அறிவித்தார். எனக்கு லேசாக இருக்கட்டும் என்று செய்கிறார்கள் போல என்று நினைத்து மனதுக்குள் நன்றி சொன்னேன். புறப்படும்போது அப்பா என் சப்பாத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, "ஈர மணலில சப்பாத்து என்னத்துக்கு மகள், வெறுங்காலோட வாங்க" என்றார். வானிலிருந்து இறங்கினால் மணல்தான், நடக்கவே வேண்டியிருக்கவில்லை. மாப்பிள்ளையும் அவருடைய அக்காவும் வந்து சேர்ந்தபோது நான் கரையில் அலையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன்.

அவர் நெடுத்த மனிதர். முன் மண்டையில் முடி கொஞ்சம் விலகியிருந்தது, அதைப் பற்றி அவரே முதலில் பகிடி விட்டார். அக்கா ஒரு பூக்குடையைப் பிடித்துக்கொண்டு மிஸ்ஸியக்காவோடு பின்னால் வந்தார். அப்பா, மாப்பிள்ளையின் கண்ணில் படாமல் இருப்பதுதான் பெண்ணின் தகப்பனுக்கு மரியாதை என்று முன்னால் போய்விட்டார். மாஸ்டர் விசில் அடித்தார், நாங்கள் நடந்தோம்.

காற்றுக் காலம். வானம் முழுக்கக் காற்றாடிகள், அவற்றின் கயிற்றில் தொங்கிக்கொண்டு வெள்ளைக்காரர்கள் அலைக்கு மேலே பறந்துகொண்டிருந்தார்கள். அவர் ஐஸ் தொழிற்சாலையைப் பற்றிச் சொன்னார்.

"ஐஸ் கட்டியை அச்சில இருந்து எடுத்து வெளியில வச்சதும் டிக் டிக் எண்டு தானாக் கதைக்கும். தனிய நிக்கேக்க எனக்கு அதுதான் துணை."

"கொடுத்து வச்ச ஆள். எங்கட கந்தோரில சனம் கதைக்கும். வாய் மூடவே மூடாது."

சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். கரைவலை இழுக்கிற இடத்தில் கயிறு கரைக்குக் குறுக்கே இறுகி நின்றது. அதைக் கையால் உயர்த்திப் பிடித்து, நான் குனிந்து போகும்வரை நின்றார். ஒரு பெண்ணுக்குச் செய்கிற மரியாதை அது, நொண்டிக்குச் செய்கிற உதவி இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு நல்லாகவே தெரியும். அவர் ஒரு முறையாவது என் காலைப் பார்க்கவில்லை. தெரிந்துகொண்டு பார்க்காமல் இருக்கிறார், இப்படியும் ஒரு மனிதர் இருக்கிறாரே என்று நினைத்தேன். மறைத்து என்ன? எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. கந்தோருக்கு மாற்றம் கேட்டால் சிலாபம் கிடைக்குமா என்றுகூட யோசித்துவிட்டேன், என்ன வெட்கம்!

அப்போதுதான் அவர் சொன்னார்.

"அடுத்த சீசனுக்குச் சிவனொளிபாத மலைக்குப் போவம். நான் வருசா வருசம் ஏறுறனான். படிதான் நிறைய. ஆனா உங்களுக்கு அது ஒரு காரியமே இல்ல. நானும் பாத்துக்கொண்டுதானே வாறன், என்ன ஒரு நடை!"

நான் நின்றுவிட்டேன். அவர் பகிடி பண்ணுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. மனிதர் உண்மையாகவே சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒன்றுமே தெரியாது.

திரும்பிப் பார்த்தேன். மிஸ்ஸியக்காவுக்கு என் முகத்திலேயே விளங்கிவிட்டது. மாப்பிள்ளையின் அக்காவை விட்டுவிட்டு ஓடிவந்து, என் முழங்கையைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்தார்.

"வாயத் திறக்காத. சாப்பாட்டில அப்பா சொல்லுவார். முதல்ல உன்னைப் பாக்கட்டும், பழகட்டும், பிறகு சொல்லுவம் எண்டுதான் இருக்கிறம். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய்யச் சொல்லியிருக்கு. நாங்க பொய்கூடச் சொல்லேல்லடி, வடக்கப் பாத்து நடந்தம், அவ்வளவுதான்."

நாங்க என்றார். நான் குழுவைப் பார்த்தேன். முப்பது பேரும் எங்களைப் பார்க்காதது போல, ஆனால் ஒருவரும் ஓர் அடி முந்தாமல், மெல்ல நடந்துகொண்டிருந்தார்கள். அன்றைக்கு ஒருத்தராவது என்னை வாத்து என்று கூப்பிடவில்லை. ஆலங்குடாவில் தொடக்கம், கண்டக்குழியில் வான், வீட்டில் விட்டுவந்த சப்பாத்து, எல்லாம் அப்போதுதான் விளங்கியது. பாவிகள், எல்லாரும் சேர்ந்து எனக்காக ஒரு கடற்கரையையே திருப்பி வைத்திருந்தார்கள். எனக்கு அவர்கள் மேல் வந்த கோபத்தைவிட, அவர்கள் என்னில் வைத்திருந்த பாசம்தான் தாங்க முடியாமல் இருந்தது.

அப்பா சாப்பாட்டில் சொல்லட்டும் என்று பேசாமல் நடந்திருக்கலாம். நடந்திருக்கத்தான் வேண்டும் என்று மிஸ்ஸியக்கா இன்றைக்கும் சொல்கிறார். ஆனால் அதற்குள் அவர் இன்னும் எத்தனை மலையில் என்னை ஏற்றிவிடுவார்? ஒவ்வொன்றிலிருந்தும் நான் தனியே இறங்க வேண்டும்.

"கொஞ்சம் நில்லுங்க," என்றேன் அவரிடம்.

"எங்க போறீங்க?"

"பாத்துக்கொண்டு நில்லுங்க."

தெற்கே திரும்பி நடந்தேன். கடல் வலக்கைப் பக்கம் வந்தது. அவருடைய அக்கா நின்ற இடத்தைத் தாண்டி, கரைவலைக் கயிறு வரை போனேன். மெல்ல நடக்கவில்லை, கந்தோருக்குப் பிந்திய நாளில் நடக்கிற வேகத்தில் நடந்தேன். அடிக்கு அடி தோள் இறங்கி ஏறியது. வலை இழுத்தவர்கள்கூட நின்று பார்த்தார்கள். மாஸ்டரின் வாயில் விசில் இருந்தது, சத்தம் வரவில்லை. பிறகு திரும்பி அவரிடம் வந்தேன். வரும்போது நேராகத்தான் வந்தேன், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

"இதுதான் என்ர நடை," என்றேன். "நீங்க மெச்சினது இந்தக் கரையின்ர சரிவை."

அவர் என் காலைப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாகப் பார்த்தார். முகத்தில் 'ஐயோ பாவம்' வருமென்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அது வரவில்லை. வேறொன்று வந்தது, அப்போது எனக்கு அது என்னவென்று விளங்கவில்லை.

"அப்பா ஒண்டுமே சொல்லேல்லையே," என்றார்.

அதற்குப் பிறகு கண்டக்குழி வரை அக்காவும் தம்பியும் சேர்ந்து முன்னால் நடந்தார்கள். அடிக்கடி அவர் தலையைத் திருப்பி எங்கள் குழுவை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

அப்பா இதொன்றையும் காணவில்லை. அவர் எப்போதோ வாடிக்குப் போய், ஓலைக் கொட்டிலுக்குள் கதிரைகளை அடுக்கி, மீன் குழம்பைக் கிளறி மணம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்ததும் கிட்டப் போக எனக்குக் கால் கூசியது. எல்லாரும் சாப்பிட இருந்தபிறகு அவர் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு எழும்பினார். கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருப்பார் போல, வார்த்தைகள் அச்சடித்தது மாதிரி வந்தன.

"தம்பி, ஒரு விசயம் சொல்ல இருக்கு. நான் மறைச்சு வச்சுத் தாற ஆள் இல்ல. என்ர மகள் சின்ன வயசில..."

"தெரியும் அங்கிள்," என்றார் அவர். குரலை உயர்த்தவே இல்லை. "அவங்க நடந்து காட்டினாங்க."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தன் சோற்றுக் கோப்பையைப் பார்த்தார். "சாப்பிடுங்க தம்பி, சாப்பிடுங்க," என்று அப்பா அகப்பையை எடுத்து, ஏற்கெனவே நிறைந்திருந்த கோப்பையில் இன்னும் ஒரு மீன் துண்டை வைத்தார். மாப்பிள்ளை அதையும் சாப்பிட்டார். போகும்போது எல்லாரும் சொல்வது போல "போயிட்டு வாறன்" என்றார்.

வான் இறக்கிவிட்ட சந்தியிலிருந்து வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் வரும்போது பின்னால் இருந்து அப்பாவின் முதுகுக்கு ஏசிக்கொண்டே வந்தேன். நான் என்ன விற்கிற மாடா, நல்ல பக்கத்தைக் காட்டி நிற்பாட்ட? ஊர் முழுக்கச் சேர்ந்து என்னை மூடி வைக்க நான் என்ன குற்றம் செய்தேன்? வீட்டு வாசலில் அப்பா எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, இறங்காமல், கைப்பிடியைப் பிடித்தபடியே சொன்னார்.

"ஒரு நாளைக்காவது உன்னைப் பாக்க வாறவன் முதல்ல உன்ர முகத்தைப் பாக்கட்டும் எண்டுதான் மகள்."

நான் இறங்கிப் போய்க் கதவைத் திறந்தேன்.

பிறகு காத்திருந்தோம். அவர் பார்த்துவிட்டுத்தானே 'வாறன்' என்றார், பாவம் பார்க்கிற முகம் வரவில்லையே என்று நான் எனக்குள்ளே வழக்காடிக்கொண்டிருந்தேன். கோபமெல்லாம் ஆறி, ஆசை மட்டும் மிச்சமாக இருந்தது. அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. ஒவ்வொரு நாளும் நான் கந்தோரால் வந்ததும் என் கைப்பையைப் பார்ப்பார், அதற்குள் இருக்கும் போனைப் பார்ப்பார், கேட்க மாட்டார்.

கடைசியில் மாப்பிள்ளையின் அக்காதான் எனக்குக் கோல் எடுத்தார். நான் கந்தோரைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்திருந்தேன்.

"தங்கச்சி, அப்பாவுக்கு எடுத்தா அவர் மனம் நொந்து போவார், அதுதான் உங்களுக்கு எடுத்தன். நீங்க நேர்மையான பிள்ளை. கால் எங்களுக்கு ஒரு காரியமே இல்ல. முதல்லயே சொல்லியிருந்தா நாங்க வீட்டுக்கு வந்து பாத்து, தம்பி ஓம் எண்டிருப்பான். அது எனக்கு நிச்சயம். ஆனா இத்தனை பேர் சேந்து முழுப் பூசணிக்காயைச் சோத்தில மறைச்சிருக்கிறாங்களே. அது அவனுக்கு விழுங்க ஏலாமக் கிடக்கு. 'சிரிச்சுக்கொண்டே என்னைச் சுத்தி நடந்தாங்க அக்கா, நாளைக்கு இன்னும் என்னத்தை மறைப்பாங்க?' எண்டு அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான்."

"நான் மறைக்கேல்லையே அக்கா," என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சல் போலக் கேட்டது.

"தெரியும் தங்கச்சி. அதுதான் எனக்கும் கவலை."

கந்தோர்ப் படியில் குந்தியிருந்து அழுதேன். அவர் என்னை வேண்டாமென்று சொன்னதற்கு என் கால் காரணமே இல்லை. இவ்வளவு காலமும் நான் கேட்க ஏங்கியிருந்த வார்த்தை அது, அதுவும் இப்படியா வந்து சேர வேண்டும்!

வீட்டில் அப்பா சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தார். அழுத கண்ணை மறைக்க எனக்குத் தெரியாது. அவர் அன்றைக்குத்தான் வாய் திறந்து கேட்டார்.

"எடுத்தாங்களா?"

"ஓம்."

"என்னவாம்?"

அவர் முகத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் இந்த மனிதர் சாகும்வரை இதையே நினைத்து நினைத்துச் சாவார்.

"காலாலதான் அப்பா. கால் சரிவராதாம்."

"கண்ணில்லாத சனம்!" என்று கத்தினார் அப்பா. கையால் மேசையில் அடித்தார். "என்ர தங்கத்துக்கு என்ன குறை? அவன்ர மண்டையில மயிரில்ல, நாங்க ஏதாவது சொன்னமா?" இன்னும் என்னென்னவோ சொல்லி ஏசினார், ஏச ஏசக் கண்ணீர் ஓடியது. ஏசி முடியும்வரை நான் சுவரில் சாய்ந்து நின்றேன். பிறகு அவர் குரல் இறங்கியது. என்னைப் பார்க்காமல், கோப்பையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே கேட்டார்.

"அப்ப மகள், நாங்க முதல்லயே சொல்லியிருந்தாலும் வேணாமெண்டுதான் சொல்லியிருப்பாங்க, என்ன?"

"ஓம் அப்பா," என்றேன். "சொல்லியிருந்தாலும் அதுதான்."

அப்பா நெடுமூச்சு விட்டார். கோப்பையை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினார். நான் சொதியைச் சூடாக்கி அவருக்கு ஊற்றினேன்.